கறுப்புத் தாள் சுற்றிய மருந்து

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம்தான் நான் எலிகளோடு வேலை செய்யத் தொடங்கினேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். நீலசந்திராவில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்குப் பொம்மசந்திராவில் லேத் மெஷின் வேலை. நான் எம்.எஸ்ஸி. முடித்து, நகரத்தின் வடக்கே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒரு படிப்புக்குப் போனதில்லை. "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்குது" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

வீட்டுக்குள் கதை வேறு. சாயங்காலம் நான் திரும்பும்போது துப்பட்டாவில் எலிக்கூண்டு வாசம் அடிக்கும். குளிக்காமல் சமையற்கட்டுக்குள் வரக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துபோவான். அண்ணி மட்டும் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, குளியலறை வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கதவுக்கு உள்ளே இருக்கும் என்னோடு பேசுவாள்.

"இன்னா பாப்பா, இன்னிக்கி இன்னா பண்ணுச்சி உன் எலிங்க?"

அண்ணி கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். பி.யூ.சி. வரை படித்திருந்தாள். கன்னடம் எங்களைவிட நன்றாகப் பேசுவாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஆனாலும் நான் அவளை "நீங்க" என்பேன், அவள் என்னைப் பாப்பா என்பாள். அவள் ஒப்புக்குக் கேட்பதில்லை என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்யும் வேலை என்ன என்று அவளுக்குத்தான் முதலில் முழுதாக எடுத்துச் சொன்னேன்.

"எலிக்கு ரத்தப் புற்றுநோய் வர வைக்கிறோம் அண்ணி. ஒரு எலியோட புத்து செல்ல எடுத்து இன்னொரு எலி வயித்துல ஊசில போட்டா அதுக்கும் வந்துடும். பத்து பன்னெண்டு நாள்ல செத்துடும்."

"அது ஒடம்பு சும்மாவா வுடுது? முள்ளு குத்துனாகூட சீழு வெச்சி வெளிய தள்ளுதே."

"அதுதான் விஷயமே. அந்த செல்லு அதே இனத்து எலியோடது. ஒடம்பு அதத் தன்னோடதுன்னு நெனச்சிக்கிட்டுச் சும்மா இருந்துடுது."

"பாவம், ஏமாந்துபோவுது" என்றாள்.

எங்கள் பேராசிரியை எனக்குக் கொடுத்திருந்த கேள்வி இந்த ஏமாற்றத்தைப் பற்றியதுதான். புற்றுநோய்க்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் ஒரு பழைய மருந்து உண்டு. அதை நோயுள்ள எலிக்குக் கொடுத்து, அது சாவதற்கு முன் அதன் வயிற்றிலிருந்து புற்று செல்களை எடுத்து, அடுத்த எலிக்குப் போட்டு, அதற்கும் அதே மருந்தைக் கொடுக்க வேண்டும். இப்படியே ஓர் எலியிலிருந்து இன்னொன்றுக்கு. சில தலைமுறை தாண்டியதும் செல்களின் மேல் ஏதோ மாறிவிடுகிறது. அதுவரை அவற்றைக் கண்டுகொள்ளாத உடம்பு, இப்போது அந்நியம் என்று அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. வெளிநாடுகளில் சிலர் இதைப் பார்த்திருந்தார்கள். எங்களிடமிருந்த எலிகளிலும் இது நடக்கிறதா, நடந்தால் அந்த மாற்றம் நிலைக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

முதல் ஒன்றரை வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மருந்தின் அளவு கூடினால் எலி மருந்தாலேயே செத்தது, குறைந்தால் நோயால் செத்தது. அந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, கெட்டுவிடும். குழாயைத் தாளால் சுற்றி, விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வரும் மங்கல் வெளிச்சத்தில் சிரிஞ்சில் ஏற்றுவேன். கரெண்ட் போய்க் குளிர்பெட்டியில் வைத்திருந்த செல்கள் வீணான நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அண்ணி கேள்வி கேட்க மாட்டாள். குளித்துவிட்டு வந்ததும் தட்டில் ஏதாவது வைத்துத் தள்ளுவாள்.

பிறகு ஒரு காலை. செத்திருக்க வேண்டிய எலிகளை எடுத்து அப்புறப்படுத்தப் பையோடு போனேன். கூண்டில் உமியைக் கிளறிக்கொண்டு அவை சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று பின்னங்காலில் நின்று கம்பியை மோந்தது. தப்பான கூண்டைத் திறந்துவிட்டேனோ என்று அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பில்லை. மருந்துக்குப் பழகிய செல்களைப் போட்ட எலிகள்தான். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியிடம் சொன்னேன். அவள் கையில் மாவோடு வந்து நின்றாள்.

"செல்லு பலம் போயி செத்திருக்கலாமில்ல? ஒடம்புதான் கொன்னுச்சின்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டாள்.

எங்கள் பேராசிரியையும் மதியம் அதையேதான் கேட்டிருந்தார். அதற்கும் வழி இருந்தது. கதிர்வீச்சு கொடுத்து எதிர்ப்பு சக்தியை அழித்த எலிகளுக்கு அதே செல்களைப் போட்டோம். அவை எல்லாம் செத்தன. ஆக, செல்கள் பலமாகத்தான் இருந்தன. எதிர்ப்பு சக்தி இருந்த உடம்புதான் அவற்றை ஒழித்திருக்கிறது. இதைச் சொன்னபோது அண்ணியின் முகம் வாடியது. "நல்லா இருக்கறது பொழச்சிச்சின்னு காட்டறதுக்கு, அதுங்க சாவணுமா?" என்றாள். அப்போது எனக்கு வெற்றி மட்டுமே தெரிந்தது.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் அண்ணிக்குச் சாயங்காலக் காய்ச்சல் வரத் தொடங்கியது. உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. ஒருநாள் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கழுத்தோரம், தோள் எலும்புக்கு மேலே, கோலிக்குண்டு அளவில் ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். வலித்திருந்தால் வெறும் வீக்கம் என்று எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருமுனை டாக்டர் டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் நிற்கவில்லை. நான்தான் பிடிவாதம் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். "இந்த வகை மருந்துக்கு நல்லா கேக்கும், தைரியமா இருங்க" என்றார் டாக்டர். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் போய்ச் சொன்னதும் எழுந்து, குழாயடியில் போய் முகம் கழுவினான், வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.

மருந்து ஏற்றும் நாளில் அண்ணன் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான். இரண்டாவது முறையும் வந்தான். அதற்குப் பிறகு நான்தான் போனேன். அண்ணன் கெட்டவன் இல்லை. அவளுக்கு முடி கொட்டியதும் அவனால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரிந்தது, அதுதான் கஷ்டம்.

நான் முதன்முதலாகக் கூடப்போன அன்று, மூன்று மருந்துகள் முடிந்து நான்காவது பாட்டிலைக் கொண்டுவந்து நர்ஸம்மா மாட்டினார். பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள். கீழே இறங்கிய குழாயிலும் தாள் சுற்றியிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "பெளகு பீளபார்தும்மா" என்றார் கன்னடத்தில், வெளிச்சம் படக் கூடாதாம். எழுந்து போய் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். என் மருந்துதான். இத்தனை நாள் நான் எலிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே மருந்து.

"இன்னா, மூஞ்சி மாறிப்போச்சி?" என்றாள் அண்ணி.

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அவள் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். ஊசி குத்திய கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்போ நானும் உன் எலி."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி."

"செரி, சொல்லல. எலிக்கு நடந்துச்சே, எனக்கும் நடக்குமா? என் ஒடம்பு அதக் கண்டுபிடிச்சிடுமா?"

பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தணித்தேன்.

"தெரியாது அண்ணி. எலில நாங்க எத்தனையோ எலி மாத்தி மாத்திச் செஞ்சது. மனுசங்கள்ல யாரும் அப்படிப் பாத்தது கெடையாது. இந்த மருந்து நேராவே செல்லக் கொல்லும். உங்களுக்கு அது போதும்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தினி வருசம் படிச்சே?"

"ஆமா."

"நல்ல படிப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் என் விரல்களை விடவில்லை.

அந்த ஏழெட்டு மாதங்கள் மருந்து நாள் வந்தால் ஆஸ்பத்திரியில் அவளோடு இருப்பேன். மற்ற நாட்களில் எலிகளோடு. இரண்டு இடத்திலும் தாள் சுற்றிய மருந்து. வாந்தி வரும்போது அவளுக்குப் பேசப் பிடிக்காது, கேட்கப் பிடிக்கும். "சொல்லு, சொல்லு" என்பாள். மாறிய செல்களைத் தோற்கடித்த எலிகளுக்கு, மருந்தே படாத பழைய செல்களைப் போட்டுப் பார்த்த கதையைச் சொன்னேன். எந்த எலியையும் கொன்றுவிடும் செல்கள் அவை. நிறைய எலிகள் அதையும் தாங்கிக்கொண்டன.

அவள் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு தடவ அடையாளம் தெரிஞ்சிட்டா, அப்பறம் பழையபடி வந்தாகூட வுடாது. அப்படித்தானே?"

"எல்லா எலியும் இல்ல. சிலது செத்துடுச்சி."

"எதுக்கு அதுங்க மட்டும்?"

"தெரியாது."

"அதயும் பாரு" என்றாள், வேலைக்காரிக்கு மிச்சமிருக்கும் வேலையைச் சொல்வது போல. நான் பார்த்தேன். என் ஆய்வேட்டின் கடைசி அதிகாரம் முழுக்க அந்தச் செத்துப்போன எலிகளைப் பற்றியதுதான்.

வீட்டில் அம்மா அண்ணிக்குத் தனி டம்ளர் வைத்தாள், தனித் தட்டு வைத்தாள். இது தொற்றாது அம்மா என்று நான் கத்தினேன். "எனக்குத் தெரியாதா, அவளுக்கு எதுவும் ஒட்டக் கூடாதுன்னுதான்" என்றாள் அம்மா. அதில் பாதி உண்மையும் இருந்தது. மருந்து நாட்களில் அண்ணிக்கு எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தது. ஆனால் டம்ளரை வைக்கும்போது அம்மாவின் கை எவ்வளவு தள்ளி வைத்தது என்பதை அண்ணியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். கொஞ்ச நாளைக்குக் குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் வீட்டில் அம்மா வாயில் "இனிமே கொழந்தையே இல்லையாம்" என்று ஆனது. ஒரு மதியம் ஊரிலிருந்து வந்த அத்தையிடம், வேறு பெண் பார்ப்பதைப் பற்றி அம்மா தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தணிந்த குரல் இரண்டு அறைக்கும் கேட்கும்.

மருந்துகள் முடிந்தன. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கட்டி எதுவும் இல்லை என்றார். அண்ணி தலையில் குட்டைக் குட்டையாக முடி வந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. "எலுமிச்ச சோறு சாப்படலாம் பாப்பா, பசிக்குது" என்றாள். சாலையோரக் கடையில் நின்றபடி சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

உடம்பு தேற ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று தங்கவயலுக்குப் போனாள். வரவில்லை. அண்ணன் ஒருமுறை கூப்பிடப் போனான். தனியாகத் திரும்பி வந்து, அப்படியே வேலைக்குப் போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறிப் போனேன். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்திருந்த சாம்பல் நிற மேடுகளுக்குக் கீழே வரிசை வீடுகள். அண்ணி வாசலில் தையல் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். அவள் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு நானும் அவளும் மேட்டின் ஓரமாக நடந்தோம்.

"எப்போ வர்றீங்க அண்ணி?"

"வர்ல பாப்பா."

நான் எதிர்பார்த்ததுதான். இருந்தும் எதிர்பார்க்காதது போல இருந்தது.

"அம்மா தப்பாப் பேசிட்டாங்க. நான் அவங்ககிட்ட பேசறேன்."

"உங்கம்மா மேல எனக்குக் கோவமில்ல. ஒடம்பு முடியாதப்ப எனக்குத் தனி டம்ளர் வெச்சாங்க, செரி. ஒடம்பு நல்லாயி வூட்டுக்கு வந்தேனே, அன்னிக்கும் அதே டம்ளர்லதான் காப்பி. அவரு எதுத்தாப்ல ஒக்காந்துனு பேப்பர் படிக்கறாரு. நான் பொழச்சது இதுக்கில்ல."

காற்றில் மண் பறந்தது. அவள் முந்தானையால் என் முகத்துக்கும் சேர்த்து மறைப்புக் கொடுத்தாள்.

"நான் உங்களப் பாக்க வரலாமில்ல?"

அவள் நின்றாள். "வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நீ வந்தா, அந்த வூடும் உன்கூடவே வருது பாப்பா. நீ போனதும் நாலு நாளு தூங்க மாட்டேன்."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவள் கேட்டுக்கொண்டது அதைத்தான். சில வருஷங்கள் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். கையெழுத்து மட்டும் போட்டு அவளிடமிருந்தும் ஒன்று வரும். விவாகரத்து ஆனது. அண்ணன் மறுமணம் செய்துகொண்டான். வந்த பெண் நல்லவள், அவளையும் நான் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். போனவளைச் சொல்ல எனக்கு வேறு சொல்லே இல்லாமல் போனது. நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே யாரும் உட்காருவதில்லை. ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கி வந்த அன்று அம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வீட்டில் ஒருவருமில்லை.

தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். பொங்கல் அட்டை முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆனேக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. தினமும் சந்தாபுராவில் இறங்கி பஸ் மாற வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி விட்ட நேரம். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்து ஊதிக்கொண்டே வந்தாள். தடிமனான நீளப் பின்னல். காதோரம் நரை. கூட வந்த சின்னப் பெண் ஏதோ சொல்ல, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டேன். எத்தனையோ பேர் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

கடலை கீழே கொட்டியது. வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் உப்பு.

"எளச்சிட்டே" என்றாள்.

"நீங்க பூசினாப்ல இருக்கீங்க."

"சூப்பர்வைசர் ஆயிட்டேன். ஒக்காந்த வேல."

உடம்பு எப்படி என்று கேட்டேன். வருஷா வருஷம் போய்க் காட்டிக்கொண்டிருந்ததாகவும், இனிமேல் வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவளைக் காப்பாற்றியது மருந்து மட்டும்தானா, அவள் உடம்பும் எங்கேயோ ஓரிடத்தில் அதை அடையாளம் கண்டுகொண்டதா என்பது எனக்கு அப்போதும் தெரியாது. அவளும் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சின்னப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கா இது?" என்றாள்.

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். என்ன சொல்வாள் என்று நானும் காத்திருந்தேன்.

"நம்ம பொண்ணு" என்றாள்.

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. போய் வருகிறேன் என்று என் தோளைத் தட்டிவிட்டு ஓடி ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போலும், கூட்டத்துக்கு நடுவில் அவள் கை மட்டும் மேலே கம்பியைப் பிடித்திருந்தது தெரிந்தது. வீடு எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வழியில்தான் வேலைக்குப் போய்வந்தேன். சனிக்கிழமைகளில் என் பஸ் வந்து நின்றாலும் உடனே ஏற மாட்டேன். அடுத்ததில் போகலாம் என்று நிற்பேன்.